நாற்பத்தேழு பழுதுகள்

என் அண்ணனை நான் திட்டாத நாள் கிடையாது. அப்படிப்பட்ட நானே அவனைப் புகழ்ந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் விஷயம் இல்லாமலா இருக்கும்?

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக ஒரே கம்பெனி, ஒரே சாம்பல் சட்டை, சட்டைப் பையில் ஒரே டெஸ்டர். பதினாறு கட்டடங்களின் லிஃப்டுகள் அவன் பொறுப்பு. எந்தக் கட்டடத்து லிஃப்ட் எந்த மாடியைத் தாண்டும்போது முனகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அண்ணியின் பிறந்தநாள் என்றைக்கு என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பான். பேச்சு என்பது அவனிடம் கிடையாது. "ம்", "சரி", "பாக்கலாம்" என்கிற மூன்றை வைத்துக்கொண்டே ஒரு வாரத்தை ஓட்டிவிடுவான். அவன் பங்குப் பேச்சையும் சேர்த்து நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒரே கட்டடத்தில் அண்ணன் குடும்பம் இரண்டாவது மாடி, நான் மூன்றாவது மாடி. நான் ஒரு ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். அண்ணி ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறார்.

அவர்களுக்கு ஒரே மகள். தும்பி என்பது அத்தை நான் வைத்த பெயர். சந்தோஷம் வந்தால் இரண்டு கைகளையும் மணிக்கட்டிலிருந்து படபடவென்று அடித்துக்கொள்வாள், நிறுத்தவே மாட்டாள். நடை, பல், உயரம் எல்லாம் நேரத்துக்கு வந்தன. வார்த்தைதான் வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் ஓடி வருவாள். டப்பா மூடிகளை நீளமாக வரிசை கட்டி அடுக்குவாள், அதில் ஒன்றை யாராவது நகர்த்திவிட்டால் வீடு ரெண்டுபடும். எங்கள் பெரியப்பா ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் செல்லம். ரெண்டு போட்டா தானா சரியாயிடும்" என்றார்.

"உங்களுக்கு அந்த வயசுல யாரும் ரெண்டு போடாததாலதான் பெரியப்பா இப்படிப் பேசுறீங்க" என்றேன். அதோடு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. நிம்மதி.

தும்பிக்கு ஐந்து வயதானபோது ஒரு டாக்டர் மூன்று நாள் அவளோடு உட்கார்ந்து விளையாடிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இதுக்கு ஆட்டிசம்னு பேரு. வளர்ச்சியில வர்ற ஒரு வித்தியாசம். நோய் இல்ல, மருந்து குடுத்தா போறதும் இல்ல. உங்க வளர்ப்புல எந்தத் தப்பும் இல்ல. உலகத்த அவ வேற வழியில வாங்கிக்கிறா. அந்த வழி எதுன்னு நாம கண்டுபிடிச்சு உதவணும், அவ்வளவுதான்."

அண்ணி அழுதார். நான் டாக்டரிடம் முப்பது கேள்வி கேட்டேன். அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "பதிவு ஏதாவது வெக்கணுமா டாக்டர்?"

"வெச்சா ரொம்ப நல்லது" என்றார் அவர். அங்கேதான் வந்தது வினை.

லிஃப்டுக்கு மேலே மெஷின் ரூம் என்று ஓர் அறை இருக்கும். அங்கே கயிற்றில் கட்டி ஒரு நோட்டுத் தொங்கும். பழுதுப் பதிவேடு என்பார்கள். லிஃப்ட் நின்றால் தேதி, நேரம், எந்த மாடி, என்ன பழுது, காரணம் என்ன என்று மெக்கானிக் அதில் எழுத வேண்டும். அண்ணன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவன் பதிவேட்டைத்தான் கம்பெனியில் புதிதாகச் சேர்பவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவார்கள். மகளுக்கும் அதே போல ஒரு நோட்டுப் போட்டான். பள்ளிக்கூடத்திலிருந்து டைரியில் எழுதி அனுப்புவது, அண்ணி சொல்வது, தானே பார்ப்பது எல்லாவற்றையும் தினம் சாயங்காலம் உட்கார்ந்து ஏற்றுவான். "10.15. வகுப்பறை. மேசைக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொண்டாள். இருபது நிமிடம். காரணம்: தெரியவில்லை."

தும்பி இரண்டாம் வகுப்புக்கு வந்த வருடம் அது. சாதாரணப் பள்ளிக்கூடம், சாதாரண வகுப்பு, முப்பத்தாறு பிள்ளைகள். மூன்று மாதம் பார்க்கலாம், பிறகு கூட்டம் போட்டு முடிவு செய்யலாம் என்று சேர்த்திருந்தார்கள். முடிவு என்றால் இரண்டில் ஒன்று. அவளுக்கென்று ஓர் ஆதரவுத் திட்டம் எழுதி இதே வகுப்பில் வைத்துக்கொள்வது, இல்லாவிட்டால் ஊரின் மறுகோடியில் இருக்கும் சிறப்பு மையத்துக்கு அனுப்பிவிடுவது. அந்த மையத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே போய்த் தேறிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் தும்பிக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், அண்ணி வேலையை விட வேண்டும். அதைவிடப் பெரிது, அவள் இந்த வகுப்பைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். மூன்றாவது பெஞ்சில் ரெட்டை ஜடைக்காரி ஒருத்தி இருக்கிறாள், அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் தும்பி ரொட்டியைத் தொடுவாள். வேறு யாரிடமும் ஒட்டாத குழந்தை ஒருத்தியிடம் ஒட்டியிருக்கிறது. அதைப் பிய்த்து எடுத்தால் என்ன ஆகும்?

கூட்டத்துக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். அண்ணன் பேச மாட்டான், அண்ணி பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவார், ஆகவே நான். "நீ வாயத் தொறக்காம இருந்தா போதும்" என்று அண்ணன் படியிலேயே சொல்லிக் கூட்டிப் போனான். பிறகு எதற்கு என்னைக் கூப்பிட்டான் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

தலைமை ஆசிரியை, வகுப்பு டீச்சர், வாரத்துக்கு இரண்டு நாள் வரும் சிறப்பு ஆசிரியை, நாங்கள் மூன்று பேர். அண்ணன் பையிலிருந்து தன் மூன்று மாதப் பதிவேட்டை எடுத்து மேசை மேல் வைத்தான். ஒன்றல்ல, மூன்று பிரதி. நான்தான் கடையில் ஜெராக்ஸ் எடுத்து, கண்ணாடி அட்டை வைத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்திருந்தேன். படித்துப் பார்க்கவில்லையா என்று கேட்காதீர்கள். பக்கத்தைத் திருப்புகிற அவசரத்தில் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பார்த்தேனே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க எனக்குப் புத்தி இல்லை.

தலைமை ஆசிரியை படித்தார். கடைசிப் பக்கத்தில் அண்ணன் மொத்தம் வேறு போட்டிருந்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மெதுவாகத்தான் கேட்டார். "எங்க டைரியில பன்னண்டு சம்பவம்தான் இருக்கு. நீங்க நாப்பத்தேழு எழுதியிருக்கீங்க."

"வீட்லயும் வழியிலயும் நடந்தத சேத்துருக்கேன் மேடம்" என்றான் அண்ணன். அவன் குரலில் பெருமை இருந்தது. எதையும் மறைக்காத நல்ல மெக்கானிக்கின் பெருமை.

"நாப்பத்தேழு தடவ அந்தக் குழந்த இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கான்னா, இந்த இடம் அவளுக்குச் சரியில்லன்னுதானே அர்த்தம்? இத நான் சொல்லல. நீங்களே எழுதிக் கொண்டு வந்திருக்கீங்க."

அண்ணன் மேசையிலிருந்த பிரதி ஒன்றை மெல்ல மூடினான். நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அவன் என் காலை நச்சென்று மிதித்தான். அந்த நேரத்திலும் மிதிக்கிறான் பாருங்கள்!

சிறப்பு ஆசிரியை மட்டும் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருந்தார். சின்ன உருவம், பெரிய கைக்கடிகாரம். "நடுவுல நிறைய தேதியைக் காணோமே. அறுபது பள்ளி நாள்ல இருபத்தொம்பது நாளுக்கு எதுவுமே எழுதல. அன்னிக்கெல்லாம் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகல. நல்லா இருந்தா."

"நல்லா இருந்தான்னா என்னென்ன பண்ணா?"

"எழுதலையே மேடம். ஓடுற லிஃப்டப் பத்தி யாரு எழுதுவாங்க?"

தலைமை ஆசிரியை கெட்டவர் இல்லை. முப்பத்தாறு பிள்ளைகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். யோசித்து ஆறு வாரம் கொடுத்தார். ஆறாவது வாரம் மதிப்பீட்டு அதிகாரி ஒருவர் வந்து வகுப்பிலேயே உட்கார்ந்து பார்ப்பார், அவர் சொல்வதுதான் முடிவு என்றார்.

வெளியே வந்ததும் பிடித்தேன் அண்ணனை. "பெத்த பிள்ளையப் பத்திக் குத்தப் பத்திரிக எழுதிக் கொண்டு போய்க் குடுத்துட்டு வந்திருக்கியே, உனக்கு அறிவிருக்கா? அவ சிரிச்சத ஒரு வரி எழுதக் கை வரலையா உனக்கு?" பள்ளிக்கூட வாசல் என்றுகூடப் பார்க்கவில்லை. அண்ணிதான் என்னை அடக்கினார். "விடு. பைண்டிங் போட்டது யாரு?" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று சாயங்காலமே சிறப்பு ஆசிரியை வீட்டுக்கு வந்தார். தும்பி தரையில் மூடி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு மூடியையும் தொடாமல், கால் மணி நேரம் சும்மா பார்த்தார். பிறகு எங்களிடம் பேசினார்.

"திட்டம்னா என்ன கோளாறுன்னு எழுதுற காகிதம் இல்ல சார். அவளா என்ன செய்றா, யார் கை குடுத்தா என்ன செய்றா, எங்க தடுக்குது, அடுத்த சின்னப் படி எது, அந்தப் படிக்கு யார் பொறுப்பு, இதெல்லாம் எழுதணும். முதல் விஷயமே இல்லாம கடைசி விஷயத்துக்குப் போக முடியாது." பிறகு அண்ணியைப் பார்த்துக் கேட்டார். "அவளுக்கு ஒண்ணு வேணும்னா இப்ப எப்படிக் கேக்குறா?"

"கேக்க மாட்டா. கையப் புடிச்சு இழுப்பா. இல்லன்னா கத்துவா. தெரிஞ்ச வார்த்தை ஒரு நாப்பது அம்பது இருக்கு. பாத்தத சொல்லுவா. கேள்வின்னு ஒண்ணு அவ வாயிலேர்ந்து வந்ததே இல்ல."

"அப்ப அதுதான் முதல் இலக்கு. படத்தக் காட்டியோ, விரலக் காட்டியோ, வார்த்தையாலயோ, எப்படியாவது அவ கேக்கணும். ஆறு வாரத்துல முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன். ஆரம்பிப்போம்."

அண்ணன் "சரி" என்றான். எனக்கு எரிச்சலாக வந்தது. இன்னும் என்ன சரி?

மறுநாள் மத்தியானம் நான் கடையில் யாருடைய கல்யாணப் பத்திரிகையையோ பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் உள்ளே வந்தான். இத்தனை வருடத்தில் வேலை நேரத்தில் அவன் என் கடைப்படி ஏறியதில்லை. கையெல்லாம் கிரீஸ். வந்தவன் பேசினான். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன், அவ்வளவு பேசினான்.

ஒரு கட்டடத்தில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டதாம். உள்ளே மூன்று பேர், கதவை உடைத்துவிடுவது போல அடிக்கிறார்கள், கத்துகிறார்கள். இவன் போய் வெளியிலிருந்து சத்தமாகச் சொன்னானாம்: "பயப்படாதீங்க, இப்ப மெதுவா கீழ இறக்குவேன், நாலாவது மாடில கதவு தொறக்கும், பத்து நிமிஷம் ஆகும்." சொன்ன மாத்திரத்தில் சத்தம் நின்றுவிட்டது.

"லிஃப்ட் இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா அவங்க அமைதியாயிட்டாங்க. நின்னதுக்காக அவங்க கத்தல, அடுத்து என்னன்னு தெரியாமத்தான் கத்தினாங்க. இருபத்திரண்டு வருஷமா இத நான் தினம் பாக்குறேன், புரியல பாரு" என்றான். பையிலிருந்து அந்தப் பாழாய்ப்போன பதிவேட்டை எடுத்து மேசையில் விரித்தான். "நேரத்தப் பாரு. பத்தேகால், பதினொண்ணு நாப்பது, ஒண்ணு பத்து. எல்லாம் பாடம் மாத்துற நேரம். வீட்லயும் அப்படித்தான். குளிக்கக் கூப்பிடும்போது, கடைக்குக் கிளம்பும்போது. நாப்பத்தேழுல முப்பத்தெட்டு இப்படித்தான். அவ படம் வரைஞ்சுக்கிட்டு இருப்பா, திடீர்னு யாரோ காகிதத்தப் புடுங்குவாங்க. அவளுக்கு அது நடுவுல நின்ன லிஃப்ட்."

முப்பத்தெட்டு இடத்தில் "காரணம்: தெரியவில்லை" என்று எழுதியிருந்ததை அவன் என் கடைப் பேனாவாலேயே அடித்தான். "கிரீஸ் கையோட என் கவுண்டரத் தொடாதே" என்றேன்.

அவனுக்குத் தெரிந்த வழியில்தான் மருந்து தேடினான். ஒரு ஆறு மாடிக் கட்டடத்தில் பழைய லிஃப்டைக் கழற்றிப் புதிது போட்டிருந்தார்கள். கழற்றிப் போட்ட பட்டன் பலகையைக் கேட்டு வாங்கி வந்து ஒரு பெட்டியில் பொருத்தினான். ஆறு பட்டன், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பால்நிறத் தகடு, தகட்டுக்குப் பின்னால் ஒரு விளக்கு. நான் படங்கள் அச்சடித்துக் கொடுத்தேன். வகுப்புக்கு எழுதுவது, கதை கேட்பது, சாப்பாடு, கணக்கு, விளையாட்டு, வீடு; வீட்டுக்குக் குளிப்பது, கடைக்குப் போவது என்று வேறு ஆறு. படம் தகட்டுக்குப் பின்னால் போய்விடும், விளக்கு எரிந்தால்தான் தெரியும். இப்போது நடப்பது பளிச்சென்று எரியும், அடுத்தது மங்கலாக எரியும். வேலை முடிந்ததும் தும்பி தானே பட்டனை அழுத்த வேண்டும். எரிந்தது அணையும், மங்கலாக இருந்தது பளிச்சென்றாகும், அதற்கு அடுத்தது எட்டிப் பார்க்கும். யாரும் காகிதத்தைப் பிடுங்க வேண்டாம். "அஞ்சு நிமிஷத்துல பட்டன்" என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

முதல் நாள் வீட்டில் அவள் அந்தப் பட்டனை இருநூறு தடவை அழுத்தியிருப்பாள். மூன்றாம் நாள் குளிக்கும் படம் எரிந்ததும் தானாக எழுந்து குளியலறை வாசலில் போய் நின்றாள். அண்ணி பக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே சிலையாகிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில்தான் முட்டுக்கட்டை. வகுப்பு டீச்சர் பெட்டியைப் பார்த்ததும் கையை விரித்தார். "எனக்கு முப்பத்தாறு பிள்ளைங்க. ஒருத்திக்காக நான் மணிக்கொரு தடவ லிஃப்ட் ஓட்டிக்கிட்டு இருக்க முடியுமா?" நியாயமான கேள்விதான், ஆனாலும் எனக்குச் சுள்ளென்று ஏறியது. அண்ணன் முந்திக்கொண்டான். "ஒரு வாரம் டீச்சர். தொல்லையா இருந்தா நானே கழட்டிக்கிட்டுப் போயிடறேன்" என்றான். ஒரு மூச்சில் இரண்டு வாக்கியம்!

ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். பெட்டியை எடுத்துப் போகச் சொல்லத்தான் என்று நினைத்துப் போனோம். "இத சுவத்துல கொஞ்சம் உயரமா மாட்ட முடியுமா? எல்லாரும் பாக்கணும்னு சண்ட போடுறாங்க" என்றார். மற்ற முப்பத்தைந்தும் பெட்டியைப் பார்த்துத்தான் அடுத்த புத்தகத்தை எடுக்கின்றனவாம். பட்டனை அழுத்தும் உரிமை மட்டும் தும்பிக்கு. எவனாவது கை வைத்தால் ரெட்டை ஜடைக்காரி விட மாட்டாள்.

புது நோட்டும் போட்டான் அண்ணன். இந்தத் தடவை ஓடிய நாட்களை எழுதினான். அதற்கும் அவன் தொழிலில் ஒரு முறை உண்டு. பழுது பார்த்த பிறகு லிஃப்டை வெறுமையாக ஓட்டி, பாதி எடை வைத்து ஓட்டி, முழு எடை வைத்து ஓட்டிப் பார்த்துத் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். அதே போல ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, கைபிடித்துச் செய்தாளா, சொல்லிச் செய்தாளா, பெட்டியைப் பார்த்துச் செய்தாளா, தானே செய்தாளா என்று குறித்தான். செருப்புப் போடுவது முதல் வாரம் கைபிடித்து, நாலாவது வாரம் தானே. சிறப்பு ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, "சார், நான் படிச்ச படிப்புல இதத்தான் ரெண்டு வருஷம் சொல்லிக் குடுத்தாங்க" என்றார். அவன் காது சிவந்துவிட்டது. கேள்வி கேட்பது என்ற வரிசை மட்டும் ஆறு வாரமும் காலியாகவே இருந்தது.

அதிகாரி வரும் நாளும் வந்தது. வழுக்கைத் தலை, சிரிக்காத முகம், கையில் ஒரு கோப்பு. வகுப்பின் கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்தார். நாங்களும் சிறப்பு ஆசிரியையும் வராந்தாவில் ஜன்னல் ஓரமாக நின்றோம். பிரார்த்தனை செய்ய வேண்டிய நேரத்தில் எனக்குப் பசி வந்தது, என் பிறவி அப்படி.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எழுதும் படம் எரிந்தது, தும்பி எழுதினாள். பத்து நாற்பதுக்குக் கரண்ட் போயிற்று.

மின்விசிறி நின்றது. பெட்டி அணைந்தது. ஆறு தகடும் வெள்ளையாக, ஒரு படம் இல்லாமல் நின்றன. வகுப்பு டீச்சர் முதுகைக் காட்டிப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார், அவர் கவனிக்கவில்லை. நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். "பாட்டரி வெக்கலையா?"

"மறந்துட்டேன்."

"ஊர்ல இருக்கற லிஃப்டுக்கெல்லாம் பாட்டரி வெப்ப! உன் மகளுக்கு வெக்க மறந்துட்டியா?" என்று பல்லைக் கடித்தேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது.

தும்பி எழுந்து போய் பட்டனை அழுத்தினாள். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினாள். ஐந்து தடவை, ஆறு தடவை. அவள் தோள்கள் மேலே ஏறின. இரண்டு கையும் காதுக்குப் போயின. அடுத்தது மேசைக்கு அடியில்தான் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டார். அண்ணன் கதவில் கை வைத்தான். சிறப்பு ஆசிரியை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "போகாதீங்க சார். ஒரு நிமிஷம் குடுங்க அவளுக்கு."

அந்த ஒரு நிமிடம் போல நீளமான நிமிடத்தை நான் பார்த்ததில்லை. தும்பி மேசையைப் பார்த்தாள். அதன் அடியைப் பார்த்தாள். பிறகு ஒரு கையைக் காதிலிருந்து எடுத்தாள். நேராக நடந்து போய் டீச்சரின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். டீச்சர் திரும்பினார்.

"அடுத்து என்ன?" என்று கேட்டாள் தும்பி.

தெளிவாகக் கேட்டது. வராந்தாவரைக்கும் கேட்டது. டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்து ரெண்டாக உடைந்தது. ரெட்டை ஜடைக்காரிதான் பெஞ்சிலிருந்து கத்தினாள். "கதை, தும்பி! அடுத்து கதை!"

"கதை" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, தும்பி இன்னொரு கையையும் காதிலிருந்து எடுத்தாள். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அண்ணன் வராந்தாச் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். அண்ணி அழவில்லை, ஆச்சரியம். நான்தான் அழுதேன். ஓவென்று அழுதேன், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்க்கும் அளவுக்கு அழுதேன்.

அரை மணி கழித்துக் கரண்ட் வந்த பிறகு தலைமை ஆசிரியையின் அறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். அதிகாரி புது நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். பழைய பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "இந்தப் பெட்டி யார் செஞ்சது?"

"நான்தான் சார். பாட்டரி இன்னிக்கே வெச்சிடறேன்" என்றான் அண்ணன், திருடியவன் ஒப்புக்கொள்கிற மாதிரி.

"வெக்காம விட்டீங்களே, நல்லதாப் போச்சு" என்றார் அவர். அந்த முகத்துக்கும் சிரிக்கத் தெரிந்திருக்கிறது. பிறகு வகுப்பு டீச்சரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. உங்களால முடியுமா?"

டீச்சர் எழுந்து நின்றே பேசினார். "சார், மூணு மாசம் முன்னாடி கேட்டிருந்தா முடியாதுன்னிருப்பேன். உதவிக்கு தினம் ரெண்டு மணி நேரம் ஒரு ஆள் குடுங்க, இத நான் கேட்டு வாங்கிக்குவேன். ஆனா அவள எங்கயும் அனுப்பாதீங்க. அவ என் க்ளாஸ்."

அதிகாரி தலைமை ஆசிரியையைப் பார்த்தார். அவர், "எனக்கும் அதேதான் சார். நான் நாப்பத்தேழ மட்டும்தான் எண்ணினேன், மத்த நாள நான் கேட்டிருக்கணும்" என்றார். சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. சொன்னார். அந்த இடத்தில் அவர் எனக்குப் பெரிய மனுஷியாகிவிட்டார்.

ஒரு முழு வருடத்துக்குத் திட்டம் எழுதினார்கள். தினம் இரண்டு மணி நேரம் உதவியாளர், பெட்டி சுவரிலேயே இருக்கும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லோரும் கூடிப் பார்ப்பது, அடுத்த படியாக வகுப்புத் தோழிகளிடமும் கேள்வி கேட்பது. யார் யார் பொறுப்பு என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். எனக்கும் ஒரு வரி கொடுத்தார்கள். படம் அச்சடிப்பது அத்தை. அந்தக் காகிதத்துக்கு நான் பத்துப் பிரதி எடுத்தேன், இரண்டு போதும் என்று தெரிந்தும்.

வெளியே வந்ததும் அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. "இன்னிக்கு ஒரு நாள் அவள சீக்கிரமே கூட்டிக்கிட்டுப் போயிடலாம். நாலு பேரும் ஐஸ்கிரீம் சாப்பிடலாம். டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். வகுப்பு வாசலுக்குப் போனோம். டீச்சர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். தும்பி எழுந்து கதவருகே வந்தாள்.

"வா கண்ணு, போலாம். ஐஸ்கிரீம்" என்று அண்ணி கையை நீட்டினார்.

தும்பி திரும்பிச் சுவரைப் பார்த்தாள். அங்கே கணக்குப் படம் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. வீடு எங்கேயோ கடைசியில், இன்னும் இருட்டில்.

"கணக்கு" என்றாள்.

"கணக்க நாளைக்குப் போட்டுக்கலாம்டா" என்று அண்ணன் குனிந்தான்.

அவள் தன் இரண்டு கைகளையும் அவன் வயிற்றில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினாள். "அப்பா போ" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூடிய கதவுக்கு வெளியே அண்ணன் நின்றான். அப்புறம் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். வாட்ச்மேன் ஓடி வந்து என்னாச்சு சார் என்று கேட்டார். ஆறு வாரமாக எங்களுக்கு ஒரே பயம், இவளை இந்த வகுப்பிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று. இப்போது பார்த்தால், பெற்றவர்களே வந்து கூப்பிட்டும் அவளை வெளியே கொண்டுவர முடியவில்லை.